பட்டாளத்துக்கு முந்தி ஒரு கல்யாணம்

அக்னெஸின் மகன் றொக்சன் ஓர் அமெரிக்கக் குடிமகன். அதை அவர்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. முதுகில் உள்ள மச்சம் மாதிரி அது அவனோடு இருந்தது. இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பார்ப்பதில்லை.

மன்னாரிலிருந்து புறப்பட்ட அக்னெஸும் கணவர் யோசெப்பும் கனடா எல்லையில் தங்களைக் கூப்பிடும் நாளுக்காக அமெரிக்கப் பக்கத்திலே, பிளாற்ஸ்பேர்க் என்ற சின்ன நகரத்தில் காத்திருந்தார்கள். அங்கேதான் அவளுக்கு நாளாவதற்கு முன்பே வயிற்றுநோ கண்டது. பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுத்த தாதி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிள்ளை அமெரிக்கன், நீங்கள் இருவரும்தான் வெளிநாட்டவர் என்று அவள் பகிடி விட்டதாகப் பிறகு யோசெப் விளங்கப்படுத்தினார். பிள்ளைக்குத் தலை நிற்கும் முன்பே அவர்கள் மொன்றியலுக்கு வந்துவிட்டார்கள்.

யோசெப் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். கோவிலில் யாரையாவது புதிதாகச் சந்தித்தால், "எங்கட வீட்டில ரெண்டு அகதியும் ஒரு வருங்கால ஜனாதிபதியும்" என்று அறிமுகம் செய்வார். அக்னெஸுக்கு அந்தப் பகிடி பழகிப்போயிற்று. அவள் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்தாள். எழும்ப முடியாதவர்களை எழுப்பி இருத்துவது, கழுவித் துடைப்பது, உடுப்பு மாற்றுவது. நோயாளியைத் தொடுமுன் தன் கைகளைச் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துச் சூடேற்றிக்கொள்வாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. குளிர்ந்த கை பட்டு ஒரு கிழவர் திடுக்கிட்டதை ஒருநாள் பார்த்தாள், அன்றிலிருந்து அப்படி. அந்தத் தளத்தில் இருந்த கிழவர்கள் அவளை "சூட்டுக் கைக்காரி" என்று பிரெஞ்சில் அழைத்தார்கள்.

றொக்சனுக்குப் பதினெட்டு நிரம்பி அதிக நாள் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அக்னெஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மேசையடியில் இருந்து கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்த றொக்சன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"அம்மா, ஒரு வேலை முடிஞ்சுது. அமெரிக்கனுக்கு என்ர பேரைப் பதிஞ்சு போட்டன்."

"என்னத்துக்கு?"

"பதினெட்டு வயசானா அங்கத்தைய பெடியள் எல்லாரும் பதிய வேணும். எங்க இருந்தாலும். அது சட்டம். எப்பவாவது பட்டாளத்துக்கு ஆள் தேவைப்பட்டா, உதில இருந்து கூப்பிடுவினம்."

மீன் தொட்டிக்குள் விழுந்தது.

"பட்டாளத்துக்கோ?"

"இப்ப ஒருத்தரையும் கூப்பிடேல்லை அம்மா. கன காலமாக் கூப்பிடேல்லை. அவையின்ர பாராளுமன்றம் சட்டம் போட்டாத்தான் கூப்பிடலாம். சும்மா ஒரு பேர்."

"சும்மா ஒரு பேரோ?" என்றாள் அக்னெஸ். அவள் குரல் மெலிந்து போனது. யோசெப் பத்திரிகையை மடித்து வைத்தார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

அக்னெஸுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் றெனோல்ட். அவள் மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடத்தில், ஊரிலிருந்து ஆமி துரத்த அவளுடைய வீட்டார் வன்னிக்குள் இடம்பெயர்ந்தார்கள். அங்கே ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம் வீட்டுக்கு ஒருவரைப் படைக்குக் கேட்டது. கேட்டது என்பது ஒரு பேச்சுக்கு. வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணம் கட்டினவர்களை அப்போது விட்டு வைத்தார்கள். அதனால் தறப்பாள் கொட்டில்களுக்குள்ளே கல்யாணங்கள் மளமளவென்று நடந்தன. மீசை அரும்பாத பெடியனும் சாமத்தியச் சீலை மடிப்புக் குலையாத பெட்டையும் இரவல் உடுப்போடு பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். றெனோல்டுக்கும் ஒரு பெண் பார்த்தாயிற்று. ஆனால் அங்கிருந்த சாமியார் முறை தவறாதவர். கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்த பிறகுதான் தாலி என்று நின்றுவிட்டார். இரண்டு ஞாயிறு வாசித்தார். மூன்றாவது ஞாயிறுக்கு முதல்நாள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு றெனோல்டை யாரும் காணவில்லை.

இதையெல்லாம் அக்னெஸ் தொலைபேசியில்தான் கேட்டாள். கேட்டவள் மகனுக்குச் சொல்லவில்லை. "மாமா சண்டையில செத்தவர்" என்பதோடு விட்டுவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அவள் தீர்மானித்துவிட்டாள். றொக்சனுக்கு ஒரு கல்யாணத்தைக் கட்டி வைத்துவிட வேண்டும். இந்த முறை நாள் கடத்தக்கூடாது.

அவளோடு அதே மருத்துவமனையில் சலவைப் பகுதியில் வேலை செய்தவள் ஜெனாட். அவளுடைய மகள் றொஷினி தாதிப் படிப்புப் படிக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்னெஸ் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"ஜெனாட், உம்மட மகளை என்ர மகனுக்குத் தாரும்."

ஜெனாட்டுக்குச் சோறு புரைக்கேறியது. "அக்கா, உங்களுக்கென்ன விசரே? போன மாசம் கோவில் விளையாட்டுப் போட்டியில உவன் ஐஸ்கிறீமுக்குச் சண்டை பிடிச்சவன்."

அக்னெஸ் காரணத்தைச் சொன்னாள். ஜெனாட் சிரிப்பை நிறுத்தினாள். சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தாள்.

"அதுக்கு முந்தின சண்டையில என்னையும் அப்பிடித்தானே அக்கா கட்டி வைச்சவை. பதினேழு வயசு. மாப்பிள்ளையின்ர முகத்தைத் தாலி ஏறினாப் பிறகுதான் பார்த்தனான். காது பெரிசு எண்டு அழுதனான்."

"ஆனா உயிரோட இருக்கிறீர்."

"ஓம்," என்றாள் ஜெனாட். "அவரும் இருக்கிறார். காதும் இருக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்தபோது இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. வரும் சனிக்கிழமை ஜெனாட் வீட்டில் தேத்தண்ணி என்று முடிவாயிற்று. பிள்ளைகளிடம் அங்கே வைத்துச் சொல்லலாம் என்றார்கள்.

அதற்கு முன் அக்னெஸ் தங்கள் கோவில் சாமியாரிடமும் போனாள். மூன்று ஞாயிறு அறிவிப்பை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"ஆருக்கு அக்னெஸ் கல்யாணம்?"

"றொக்சனுக்கு, சாமி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "எங்கட றொக்சனுக்கோ? பூசைக்கு உதவிக்கு வரச் சொன்னா, நித்திரை முறியேல்லை எண்டு ஆள் வாறேல்லை. அவன் கல்யாணத்துக்கு எழும்பி வருவானோ?"

"நான் எழுப்பிக்கொண்டு வருவன்," என்றாள் அக்னெஸ். அவள் முகத்தில் சிரிப்பில்லை. சாமியார் மேலே பகிடி விடவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் தன்னிடம் தனித்தனியாக வந்து கதைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை யோசெப் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஏன் கட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஜெனாட் றோல்ஸ் பொரித்து அடுக்கியிருந்தாள். றொக்சனும் றொஷினியும் கீழே வாசலில் சந்தித்து ஒன்றாக மேலே வந்தார்கள். இருவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஜெனாட்டின் இளைய மகன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதை அக்காவிடம் ஒரு சொக்லேட்டுக்கு விற்றிருந்தான்.

றொஷினிதான் முதலில் வாய் திறந்தாள். "அக்னெஸ் அன்ரி, எனக்கு இப்ப பிரசவ வார்ட்டில பயிற்சி. அங்க பார்த்ததுக்குப் பிறகு எனக்குக் கல்யாணமே வேண்டாம். றொக்சன் நல்லவன். ஆனா வேண்டாம்."

"நன்றி," என்றான் றொக்சன் வாய்க்குள் றோல்ஸோடு.

"பகிடி விடாதை!" அக்னெஸ் சத்தம் போட்டாள். "உன்னைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க ஆர் வந்து மறிக்கிறது?"

"அம்மா, கல்யாணம் கட்டினவனும் பதியத்தான் வேணும். கட்டினவனையும் கூப்பிடலாம். அங்க அப்பிடி ஒரு விலக்கு இப்ப இல்லை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

ஜெனாட் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அக்னெஸ் கதிரையில் இருந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து கல்யாணம்தான். அதுவும் இங்கே வேலை செய்யாது.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

றொக்சன் எழுந்து வந்து அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தான். "மாமாவைப் பற்றிச் சொல்லுங்கோ. அப்பா ஒருநாளும் சொல்ல விட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை."

அவள் சொன்னாள். அந்த இரண்டு ஞாயிறுகளையும் மூன்றாவதுக்கு முந்திய சனிக்கிழமையையும் சொன்னாள். றெனோல்டுக்கு இரவல் வாங்கிய சட்டை கழுத்து இறுக்கமாக இருந்ததென்று அம்மா தொலைபேசியில் குறைப்பட்டதையும் சொன்னாள். ஜெனாட்டும் தன் பதினேழு வயதுக் கல்யாணத்தைச் சொல்ல, றொஷினி மெல்ல வந்து தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளும் தாயின் கல்யாணக் கதையை இப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

"மாமா மாட்டன் எண்டு சொல்ல ஏலாதோ?" என்று கேட்டான் றொக்சன்.

"ஆருக்குச் சொல்லுறது? ஆர் கேட்டவை?"

"நான் சொல்லலாம் அம்மா. துவக்கு எடுக்க என்ர மனசாட்சி விடாது எண்டு சொன்னா, அதுக்கு ஒரு வழி இருக்கு. நான் சொல்லுறதை அவையள் கேட்டு விசாரிக்க வேணும். நம்பினா, துவக்குக்குப் பதிலா வேற வேலை தருவினம். ஆஸ்பத்திரியில எண்டாலும். உங்களை மாதிரி கிழவர்களைக் கழுவி விடலாம்." கொஞ்சம் யோசித்து, "அது நிச்சயம் கிடைக்கும் எண்டு சொல்லேல்லை. ஆனா கேக்கிறதுக்கு ஒரு இடம் இருக்கு. பதியாமல் ஒளிச்சிருந்தா எனக்கு அந்த இடமும் இல்லை. நான் ஒளிக்க விரும்பேல்லை," என்றான்.

அக்னெஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். றெனோல்டின் மூக்கு. அவள் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஆள் கூப்பிடுறதுக்குச் சட்டம் போடுறது ஆரெண்டு சொன்னனி?"

"அவையின்ர பாராளுமன்றம். அதில இருக்கிறவை."

"அவையை ஆர் அனுப்புறது?"

"சனம் ஓட்டுப் போட்டு."

"நீயும் போடலாமோ?"

"போடலாம். வெளிநாட்டில இருந்தாலும் தபாலில போடலாம்."

"அதுக்குப் பதிஞ்சிட்டியோ?"

றொக்சன் தலையைச் சொறிந்தான். "வோயோன் அம்மா," என்று பிரெஞ்சில் சலித்துக்கொண்டான். "அது ஒரு அலுப்புப் பிடிச்ச வேலை. பிளாற்ஸ்பேர்க்கில ஆர் நிக்கினம் எண்டே எனக்குத் தெரியாது. பிறந்தது மட்டும்தானே அங்க."

அக்னெஸ் எழுந்து நின்றாள். அன்று முழுவதும் பயந்து நடுங்கிய பெண் அல்ல அவள். மருத்துவமனையில் ஒரு கிழவரை ஈரப் படுக்கையில் விட்டுவிட்டுப் போன புதுப் பணியாளனை ஏசுகிற அதே அக்னெஸ்.

"பிறந்தது மட்டும்தான் எண்டா ஏன் பட்டாளத்துக்குப் பேர் குடுத்தனி? தலையைக் குடுக்க ஓடிப்போய்க் குடுப்பாய், வாயைக் குடுக்க அலுப்போ? உன்ர மாமாவுக்கு ஒரு ஓட்டு இருந்ததோ? கூப்பிடுறவன் ஆரெண்டு தெரியாமலே கூப்பிடச் சொல்லி வைச்சிருக்கிறாய். எடடா போனை!"

யோசெப் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "எடு மோனே. இது ஜனாதிபதிக்கும் மேலிடத்து உத்தரவு."

றொக்சன் கைபேசியை எடுத்தான். அமெரிக்காவில் கடைசியாக இருந்த விலாசத்தைப் படிவம் கேட்டது. அதை யோசெப் மனதிலிருந்து சொன்னார். தேவாலயத்துக்குப் பின்பக்கம், ஒரு நீலக் கதவு உள்ள வீடு. எல்லாம் முடிந்தபோது றோல்ஸ் ஆறிப்போயிருந்தது. ஜெனாட் மறுபடி சூடாக்கினாள். "கல்யாணப் பேச்சுக்கு வந்தவையள் தேர்தலுக்குப் பேர் பதிஞ்சிட்டுப் போறியள்," என்றாள். "சாமிக்கு நானே சொல்லுறன்."

பயம் போய்விடவில்லை. போய்விட்டது என்று பொய் சொல்பவள் அல்ல அக்னெஸ். செய்தியில் எங்காவது குண்டு விழுந்ததைக் காட்டினால் அவள் கண் மகனுடைய அறைப் பக்கம் போனது. ஆனால் முன்பு பயத்தோடு சும்மா இருந்தவளுக்கு இப்போது கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்திருந்தது.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. பிளாற்ஸ்பேர்க் தொகுதியில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வீட்டில் சொல்லவேண்டிய பொறுப்பு றொக்சனுக்கு. அவன் ஒவ்வொருவராகப் படங்காட்டி, பால் பண்ணைக்கு என்ன சொல்கிறார், வரிக்கு என்ன சொல்கிறார் என்று விளக்க, அக்னெஸ் பொறுமையாகக் கேட்டு முடித்து ஒவ்வொரு தடவையும் ஒன்றையே கேட்டாள்.

"அது சரி. இவர் பெடியளைச் சண்டைக்குக் கூப்பிடச் சொன்னா கை தூக்குவாரோ, மாட்டாரோ?"

"அது எங்கயும் போடேல்லை அம்மா."

"போடாட்டி எழுதிக் கேள். உன்னட்டை ஓட்டுக் கேக்கிறவர்தானே."

அவன் முதலில் சிரித்தான். பிறகு உட்கார்ந்து, தான் அந்த ஊரில் பிறந்தவன், பட்டாளத்துக்குப் பெயர் பதிந்தவன், ஓட்டுப் போட இருப்பவன் என்று மூன்று வரி எழுதி, தாயின் கேள்வியை ஆங்கிலத்தில் கீழே போட்டு, தேர்தலில் நின்றவர்கள் எல்லாருக்கும் அனுப்பினான். ஒருவரிடமிருந்து மட்டும் பதில் வந்தது. நீளமான பதில். அக்னெஸ் இரவு வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். றொக்சன் அவளுக்கு அதை வரி வரியாகத் தமிழில் சொன்னான். அவருடைய தாத்தாவும் பட்டாளத்தில் இருந்தாராம். இளைஞர்களின் அக்கறையை அவர் மிகவும் மதிக்கிறாராம். சமாதானத்தைத்தான் எப்போதும் விரும்புகிறாராம்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"இதில ஓமும் இல்லை, இல்லையும் இல்லை," என்றாள் அக்னெஸ், மற்றச் சப்பாத்தின் கயிற்றை இறுக்கி. "திருப்பி எழுது."

அவன் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தான்.