ஒரு விரல் கத்தி, இரண்டு விரல் கப்பல்

பிரிக்பீல்ட்ஸ் சூளைகளில் செங்கல் ஏற்ற வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் எனக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவார்கள். வெறுங்காலோடு கப்பலிலிருந்து இறங்கியவன் நான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கையெழுத்துப் போடவே நாற்பது வயதில்தான் கற்றுக்கொண்டேன். ஒற்றை மாட்டில் ஆரம்பித்து இருபது வண்டியும் ஒரு லோரியும் ஆக்கினேன். இப்படி ஆக்கியவன் இந்தப் பக்கத்தில் இன்னொருவன் இருந்தால் வந்து காட்டட்டும்.

அப்படிப்பட்ட என்னை ஐம்பத்தெட்டு வயதில் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற நெல்லிக்காய் அளவுச் சுரப்பி ஒன்று ஓட ஓட விரட்டியது. உட்கார்ந்தால் ஒன்றுக்கு முட்டும். ஓடிப்போய் நின்றால் வராது. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். என் கொட்டகைக்கும் சூளைக்கும் நடுவே எந்தப் புதரில் மறைவு உண்டு என்று கேட்டிருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கையுறை மாட்டி, பின்பக்கமாக விரல் விட்டுச் சோதித்தார். மாட்டுக்குச் சினை பார்த்தவனுக்கு இது புரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, கல்லு மாதிரி ஒரு கட்டி கிடக்கு. கெட்ட கட்டிதான். சுரப்பியைத் தாண்டி வெளியில போகேல்லை எண்டு நினைக்கிறன்."

"இப்ப என்னா செய்யணும்?"

"ரெண்டு வழி. இஞ்ச பெரிய டாக்டர் வெட்டி எடுப்பார். ரத்தம் போகும், உயிருக்கும் ஆபத்து இருக்கு. பிழைச்சாலும் மூத்திரம் ஒழுகலாம், குடும்ப வாழ்க்கையும் முன்னை மாதிரி இராது. இல்லாட்டி கப்பலேறி மதராசுக்குப் போய் ரேடியம் வைக்கலாம். வெட்டு இல்லை. ஆனா உள்ளுக்க வேகும். கட்டி முழுக்கச் சாகுமோ தெரியாது. நடுக்கடலில மூத்திரம் அடைச்சால் பாக்க ஆளும் இல்லை."

"நீங்க எதைச் சொல்றீங்க?"

"அதை நான் சொல்லேலாது. ரெண்டு கிழமைக்குள்ள நீங்கள்தான் சொல்ல வேணும்."

மாடு விற்கிறவன்கூட இதைப் பிடித்துக்கொண்டு போ என்று ஒன்றைக் காட்டுவான். இத்தனை படித்த மனிதர் கையை விரித்துவிட்டாரே என்று எரிச்சலோடு வந்தேன்.

கொட்டகையில் என் மனைவி பிண்ணாக்கு உடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி, விரலை நீட்டிக் காட்டினேன். "ஒண்ணு கத்தி. ரெண்டு கப்பல்." அவள் கேட்டுக்கொண்டாள். உடைப்பதை நிறுத்தவில்லை.

கிள்ளானில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இதே சுரப்பியை வெட்டிக்கொண்டவர் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு வெறும் வீக்கம்தான், கெட்ட கட்டி இல்லை. இருந்தாலும் வெட்டு வெட்டுதானே? மாடு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு லோரியில் கிளம்பினேன். வழியில் பத்துத் தடவையாவது நிறுத்தச் சொல்லியிருப்பேன். "மொதலாளி, லோரி கூட இவ்ளோ தடவ தண்ணிக்கு நிக்காது லா" என்றான் டிரைவர்.

கேட்காரர் நல்லபடியாகத்தான் உட்காரச் சொன்னார். எனக்கு உட்காரப் பொறுமையில்லை.

"கொஞ்சம் அப்படி நடந்து காட்டுங்கண்ணே."

நடந்தார்.

"குனிஞ்சு அந்தச் செம்பை எடுங்க. ஆங். இப்ப இருமுங்க."

"யோவ், நான் என்ன சந்தை மாடா? வா, பல்லையும் புடிச்சுப் பாரு!"

நாற்பது வருஷத் தொழில் பழக்கம். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"மூணு மாசம் ஒழுகுச்சு. துணி கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப இருமுனா ரெண்டு சொட்டு."

"மத்தது?"

அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அது போச்சு. ஆனா தூங்குறேன்யா. படுத்தா விடியறப்பதான் எந்திரிக்கிறேன்."

திரும்பும் வழியிலேயே கப்பல் என்று முடிவு கட்டினேன். ரேடியத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கப்பலேறினால் பழனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிடலாம். இங்கே வெட்டினால் அத்தனை வண்டிக்காரனுக்கும் தெரியும். கொட்டகையில் இருந்த காளை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று காயடிக்க வைத்தவன் நான். மறுநாள் அங்கே என்ன பேச்சு ஓடும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? உயிருக்கு எது நல்லது என்ற கேள்வியை நான் எனக்குள் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழனிப் பயணத்தைச் சொல்ல எல்லோரையும் கூப்பிட்டேன். என் மனைவியின் தம்பி வந்திருந்தான். அவனும் அவன் அப்பாவைப் போல மாட்டுத் தரகன். வண்டிக்காரர்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலேறிப் பழனிக்குப் போகிறேன் என்றேன்.

"மாமா, முருகன்கிட்ட எனக்கும் ஒரு ஜோடிக் காளை கேளுங்க" என்று அவன் ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை வெளியே போய் வந்துவிட்டேன்.

அப்போது என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆண்கள் நடுவில் அப்படி உட்காருகிறவள் இல்லை. என் தோளில் கிடந்த துண்டை இழுத்து மடியில் போட்டு, அதற்கடியில் என் கையைப் பிடித்தாள். மாட்டுத் தரகில் விலையை வாயால் பேசமாட்டோம். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம், சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. தரகர் மகள் அதைச் சிறுவயதிலேயே பார்த்து வைத்திருந்தாள்.

என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். ஒன்று.

நான் இரண்டு விரலை நீட்டினேன். ஒன்றை மடக்கிவிட்டாள். மறுபடி நீட்டினேன். மறுபடி மடக்கினாள், நகம் பதிகிற மாதிரி.

"என்னாக்கா, மாமனை வெலை பேசுறியா?" என்றான் தம்பி.

"ஆமாண்டா. வாங்குன மாட்ட கடல்ல விடுறதா இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, "சாணியும் மூத்திரமும் அள்ளுன கைதான் இது. ரெண்டு சொட்டுக்குப் பயந்துடுமா? அங்க போயி கெடந்தா நான் எங்க வந்து பாப்பேன்?" என்றாள்.

கிள்ளானில் நாங்கள் பேசியதை வாசலில் நின்று கேட்ட டிரைவரிடம் எல்லாவற்றையும் கறந்திருக்கிறாள்.

வெட்டிக்கொண்டேன், பிழைத்தேன், இல்லாவிட்டால் இதை யார் சொல்வது? கொட்டகையில் பேச்சும் ஓடியது. என் காதுபடப் பேச ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கை துண்டுக்குள் இருக்கும்போதே வண்டிக்காரர்கள் முன்னால் சொன்னேன்: "பழனி இல்லப்பா. ஆஸ்பத்திரி. மூத்திரப்பைக்கிட்ட ஒரு கட்டி, வெட்டணும்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மறுபடி முட்டியது, எழுந்திருக்கப் பார்த்தேன். துண்டுக்குள் அவள் என் விரலை விடவில்லை.