செடி அடங்கும்வரை

சின்னக்கண்ணு ஆடும்போது கால் நகராது. மேளம் கிடையாது, பாட்டும் கிடையாது.

மலைமேல் எடப்புளி நாட்டில், அவள் காட்டின் மேல்புறத்தில் தொழுகண்ணிச் செடி புதராக நிற்கிறது. வெயில் ஏறினால் அதன் சிற்றிலைகள் காற்றில்லாமலே எழும், தாழும், கும்பிடுவதுபோல் கூடும், பிரியும். சாமை விதைக்கச் சுற்றியுள்ள மற்ற புதர்களை வெட்டுமுன், அந்த வீட்டுப் பெண் ஒருத்தி செடியின் எதிரில் நின்று கைகளால் அதையே செய்ய வேண்டும். செடி தொடங்கிய பிறகுதான் தொடங்கலாம். மேகம் வந்து செடி அடங்கினால் அடங்க வேண்டும். பிறகுதான் அரிவாள். மாமியார் இறந்ததிலிருந்து அது சின்னக்கண்ணுவின் வேலை. மற்ற நாட்களில் மிளகு பறிப்பாள், மரவள்ளி பிடுங்குவாள், கணவன் அப்பாசாமியோடு சண்டை போடுவாள்.

அண்ணன் மகள் பூங்குழலி கீழே கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் ஒரு விழாவில் ஆடக் கூப்பிட்டாள். விழாக்காரர்கள் செடியையும் தொட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

“அதைப் பேக்கறதுக்கு என்னையப் பேத்துக்கிட்டுப் போ.”

“அப்பச் செடி வேண்டாங்கத்தை. நீங்க மட்டும் வாங்க. ஆட்டம் கையிலதான இருக்குது.”

சின்னக்கண்ணுவுக்கும் அது சரியென்றே பட்டது.

வேன் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அப்பாசாமி சொன்னான். “மேடையில வாந்தி எடுத்துராத புள்ள. அதையும் மலையாட்டம்னு கைதட்டிருவாங்க.”

மண்டபத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆடினாள். கைதட்டினார்கள். மைக்கில் நன்றி சொன்னார்கள். அவள் நிறுத்தவில்லை. திரை இறங்கியது. பூங்குழலி உள்ளே ஓடிவந்தாள்.

“போதுங்கத்தை.”

“தெரியுது கண்ணு. நிக்க மாட்டேங்குது.”

திரும்பும் வழியில் கைகளை முந்தானையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். துணிக்குள் அவை எழுந்து தாழ்ந்தன.

வீட்டிலும் நிற்கவில்லை. பறித்த மிளகு சிதறியது. அப்பாசாமி சோறு ஊட்டினான். அவன் கைக்கும் அவள் வாய்க்கும் நடுவே அவள் கைகள் கூடிப் பிரிந்தன. பக்கத்துக் காட்டுப் பானுமதி வரப்பில் நின்று, “ஆட்டக்காரி இன்னும் மேடையை உட்டு எறங்கலயாட்ட இருக்குது” என்றாள். பிறகு கிட்டே வந்து ஒரு கையைப் பிடித்துப் பார்த்தாள். உடனே விட்டாள்.

“இதுல உங்க பலமே இல்லீங்கக்கா. இது நீங்க ஆட்டறதில்லீங்க.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

செடியோடு சேர்ந்து ஆடினால், அது அடங்கும்போது கையும் அடங்கும் என்று சின்னக்கண்ணு நினைத்தாள். ஆனால் மலையை மூடிய பனி விலகவில்லை. வெயில் இல்லாமல் செடி அசையாது. அசையாத செடியின் எதிரே தன் கைகள் மட்டும் ஆடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தினமும் போனாள், தினமும் திரும்பினாள்.

ஒரு முற்பகலில் வெயில் வந்தது. ஓர் இலை எழுந்தது, பிறகு எல்லாம். அவள் கைகள் முதலில் வேறு வேகத்தில் போயின. மெல்ல மெல்ல இலைகளோடு சேர்ந்தன. அப்பாசாமி பலா மரத்தடியில் நின்று பார்த்தான். மேகம் வந்தது. கைகள் கூடின, பிரிந்தன, இரண்டு பக்கமும் தொங்கின. அவற்றின் கனம் அவளுக்கு மறுபடி தெரிந்தது.

“நின்னுருச்சு. வா புள்ள, ஊட்டுக்குப் போலாம்.”

அவள் நகரவில்லை. மேகம் தடித்துத் தூறல் விழுந்தது. செடி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது வெயிலில் ஆடும் வேகம் இல்லை. அவள் மண்டபத்தில் ஆடிய வேகம்.

“அது அடங்கலீங்க. நான் எப்படி வர்றது?”

அப்பாசாமி செடியைப் பார்த்தான். இறங்கிப் போய்ச் சாமைச் சோறும் குடையும் கொண்டுவந்தான். அவன் குடை பிடிக்க, அவள் நின்றபடியே தன் கையால் பிசைந்து சாப்பிட்டாள். பாதியில், குடையைச் செடிப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னாள்.