பத்தின் தோளில் ஏறிய எட்டு

அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கோக்கும் அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'நேர்கோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணெதிரே எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போனவர், சுவர்க் கடிகாரம் சாய்ந்திருக்கிறதே என்று நிமிர்த்தி வைத்தார். சாய்ந்திருந்தால் மட்டுமே ஓடுகிற கடிகாரம் அது. அத்தோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து யாராவது மணி கேட்டால் மாமனார் மருமகனைப் பார்ப்பார்.

அச்சகம் அவருடைய அக்கா கணவருடையது. அதற்குச் சோறு போடுவது ஒரே வாடிக்கை, செடிகளுக்கு நுண்ணுயிர்த் தூள் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனி. பொட்டலத்தின் மேல் என்ன அச்சிட வேண்டும் என்று அங்கே ஆய்வகத்தில் இருக்கும் அம்மா கைப்பட எழுதி அனுப்புவார். ஒரு முறை, கிராமுக்கு எத்தனை உயிர் என்ற இடத்தில் பத்து எழுதி, அதன் தோளுக்கு மேல் பொடியாக ஓர் எட்டைப் போட்டிருந்தார்.

அவசரத்தில் கை மேலே போய்விட்டது என்று நேர்கோடு நினைத்தார். படித்தவர் கைக்கோணலை அவரிடமே கேட்பது மரியாதையாக இருக்காது. எட்டைக் கீழே இறக்கி, பெரிதாக்கி, பத்துக்குப் பக்கத்தில் சமமாக உட்கார வைத்தார். 108. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பொட்டலங்கள் கடைக்குப் போன பிறகு ஆய்வகத்து அம்மா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இந்த எட்டை யாரு கீழ இறக்கினது?"

"நான்தாம்மா. கோணலா இருந்துச்சு."

"அது கோணல் இல்லண்ணே. எட்டுப் பத்தை வரிசையா வச்சுப் பெருக்கணும்னு அர்த்தம். ஒண்ணு போட்டு எட்டு சைபர். பத்து கோடி."

"இப்ப?"

"இப்ப நூத்தியெட்டு. மிச்சமெல்லாம் செத்துப்போச்சான்னு கடைக்காரர் கேக்குறாரு."

"எட்டு சைபரையும் போட்டே எழுதியிருக்கலாமேம்மா?"

"அதுல ஒண்ணு விட்டுப்போனா யாரு கண்ணுக்குத் தெரியும்? அதுக்குத்தான் இப்படி எழுதுறது."

உள்ளேயிருந்து அக்கா கணவர் வந்தார். "பத்து கோடி உசிரை ஒத்தை விரல்ல முடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கியே மாப்ள."

சரி செய்து கொடுத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இனி வேறு அச்சகம்தான் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

"அவங்க போனா நீயும் கிளம்ப வேண்டியதுதான்," என்றார் அக்கா கணவர். "ஆள் தேவைன்னு ஒரு நோட்டீஸ் தயார் பண்ணி வை."

நேர்கோடு தயார் பண்ணினார். இரண்டு ஓரமும் சமமாக இருந்தது.

கடைகளிலிருந்து பொட்டலங்கள் திரும்பி வந்தன. பழைய எண்ணின் மேல் சிறிய சீட்டு ஒட்ட, அவரும் மனைவியும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இந்த எட்டு ஏன் மொட்டை மாடியில நிக்குது?" என்றாள் மனைவி.

"கீழ வந்தா மதிப்பு போயிடும்."

"அப்ப இங்க நீங்க எங்க நிக்கிறீங்க?"

"தரையிலதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

ஆய்வகத்து அம்மா வந்து பொட்டலங்களைப் புரட்டிப் பார்த்தார். எட்டு எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருந்தது. அடுத்த வேலைக்கான தாளைக் கொடுத்தார். அதில் இரண்டு பெருக்கல் பத்து. பத்தின் தோளில் பொடியாக மூன்று, மூன்றுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

நேர்கோடு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, இந்தக் கோடு அழுக்கா, கணக்கா?"

"கணக்கு. கோடு இருந்தா ஆயிரத்துல ரெண்டு பங்கு. இல்லாட்டி ரெண்டாயிரம்."

"அது கொஞ்சம் சாஞ்சிருக்கே. நிமிர்த்தலாமா?"

அந்த அம்மா யோசித்தார். "நிமிர்த்துங்க. ஆனா எடுத்துடாதீங்க."

நோட்டீஸை அச்சடிக்கச் சொல்லி அக்கா கணவர் கடைசிவரை கேட்கவில்லை.