சவூதியில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்பு

கொரோனா ஓய்ஞ்சு காலேஜெல்லாம் பழையபடி நடக்க ஆரம்பிச்ச சமயம். திருச்சி கே.கே. நகர் பக்கம் ஒரு காலேஜ்ல பி.எட். சேர்ந்திருந்தேன். கணக்குல டிகிரி முடிச்ச கையோட எனக்கு நிக்காஹ் ஆயிடுச்சு. அப்புறம் ஒரு பொண்ணு, அப்புறம் அடுப்படின்னு பத்து வருஷம் போனதே தெரியல. வீட்டுக்காரர் சவூதியில ஏசி மெக்கானிக். இங்க மலைக்கோட்டைக்குக் கீழ ஒரு சந்துல நான், பொண்ணு, என் மாமியார். மாமின்னுதான் கூப்பிடுவேன். "படிச்ச படிப்பை ஏன்டி பரண்ல போட்டு வெச்சிருக்க, போய் டீச்சராகு"ன்னு என்னைக் கிளப்பி விட்டதே மாமிதான்.

வகுப்புல எல்லாரும் என்னைவிடச் சின்னப் பிள்ளைங்க. வாய்க்கு வாய் அக்கான்னு கூப்பிடுவாங்க. பாடம் கேட்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. மைக்ரோ டீச்சிங் வந்தப்பதான் மாட்டிக்கிட்டேன். தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். முழுப் பாடமும் நடத்தக் கூடாது. ஒரே ஒரு திறமையை மட்டும் எடுத்துக்கிட்டு, அஞ்சாறு நிமிஷத்துல நடத்திக் காட்டணும். கூடப் படிக்கிறவங்களே ஸ்கூல் பிள்ளைங்களா உட்காருவாங்க. முடிஞ்சதும் எது நல்லா இருந்துச்சு, எது இல்லன்னு முகத்துக்கு நேரே சொல்லுவாங்க. அதை வெச்சு பாடக் குறிப்பை மாத்தி எழுதி, மறுபடி நடத்தணும்.

எனக்கு வந்தது கேள்வி மேல கேள்வி கேட்டு, பிள்ளைங்க வாயிலிருந்தே பதிலை வரவழைக்கிற திறமை. ஏழாம் வகுப்புக்குப் பின்னம் கூட்டுறதை எடுத்துக்கிட்டேன். எதிர்ல உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் கணக்குல டிகிரி வாங்கினவங்க! நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள கோரஸா விடை வந்துச்சு. நடுவுல ஒரு கேள்விக்குக் கொஞ்சம் அமைதியா இருந்தாங்க. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. உடனே விடையை நானே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் அப்படியேதான். பாதி நேரத்துலயே எல்லாம் தீர்ந்து போய், சாக்பீஸைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்.

எங்க மேடம் நல்லவங்க, ஆனா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுவாங்க. "உங்களுக்குக் கணக்கு தெரியும்னு தெரிஞ்சுபோச்சும்மா. பிள்ளைங்களுக்குத் தெரியுமான்னு நீங்க பார்க்கவே இல்லையே"ன்னாங்க. அடுத்து வர்ற ரெண்டு வார லீவு முடிஞ்சு வந்து மறுபடி நடத்தணும், அதுவும் இப்படியே இருந்தா டீச்சிங் பிராக்டிஸுக்கு ஸ்கூலுக்கு அனுப்புறதைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்னு சொல்லிட்டாங்க. ஸ்கூலுக்குப் போகலைன்னா அந்த வருஷமே வீண். பஸ்ல வரும்போது துப்பட்டாவால முகத்தை மறைச்சுக்கிட்டு அழுதேன்.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் வீடியோ கால்ல வந்தாரு. எனக்கு இது ஒத்து வராது, விட்டுடறேன்னு ஒரே புலம்பல். முழுசா கேட்டுட்டு, "இதுக்கா இவ்வளவு அழுகை? வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவுதானே. எங்க ரூமுக்குப் பாடம் நடத்து. நாங்க உட்கார்றோம்"னாரு. நான் வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு, பிரியாணியும் முடிஞ்சு, மனுஷன் கால் பண்ணிட்டாரு. போனை ஒரு டப்பா மேல சாய்ச்சு வெச்சிருக்காரு. கீழ அஞ்சு பேரு வரிசையா. ஒருத்தர் பல்லு குத்திக்கிட்டு, ஒருத்தர் தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. "குட் ஆஃப்டர்நூன் டீச்சர்"னு ராகம் போட்டு இழுத்தாங்க. இங்க மாமி வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க.

எனக்கு வெக்கம்னா வெக்கம். மாமி பூண்டு உரிக்கிற தட்டோட பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கிட்டாங்க. அங்க சத்தம் ஜாஸ்தியானா, போன்ல மூஞ்சியை நீட்டி, "டேய் பிள்ளைங்களா, பேசாம கவனிங்கடா, எங்க பொண்ணு எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிட்டு வந்திருக்கு"ம்பாங்க. கிளாஸ் லீடர் இல்லாத குறையை மாமி தீர்த்து வெச்சாங்க.

முதல் வெள்ளிக்கிழமை பாதிப் பேரு தூங்கிட்டாங்க. பிரியாணிக்கு அப்புறம் பின்னம் கூட்டுன்னா யாருதான் முழிச்சிருப்பாங்க? ஆனா முழிச்சிருந்தவங்க சொன்னது காதுல நின்னுச்சு. "டீச்சர், நீங்க கேட்டதை நாங்க யோசிக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லிடறீங்க, அப்புறம் நாங்க எதுக்கு?"ன்னாரு ஒருத்தர். மேடம் சொன்னதும் அதேதான். ஒரு வாரம் உட்கார்ந்து பாடக் குறிப்பைத் திருத்தி எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்துச்சு.

அந்த ரூம்ல மேல் கட்டில்ல ஒரு அண்ணன் இருந்தாரு. வையம்பட்டிப் பக்கத்துக்காரர், கட்டட வேலை. முதல் வாரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தவர், இந்த வாரமும் அப்படியேதான் இருந்தாரு. நான் அவரு தூங்குறாருன்னே நெனச்சுக்கிட்டேன். அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா என்ன வரும்னு கேட்டுட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு காத்திருக்கேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்போ மேல இருந்து குரல் வருது, "அஞ்சுல ரெண்டு"ன்னு.

ரூமே சிரிச்சுச்சு. என் வீட்டுக்காரர் சத்தம்தான் எல்லாத்தையும் விடப் பெருசு. அந்த அண்ணன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சிரிச்சவங்க எழுந்து விடையைச் சொல்லுங்க"ன்னேன். என் வீட்டுக்காரர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சாரு. அவருக்கும் தெரியல! யாருக்குமே தெரியல. தப்பா இருந்தாலும் வாயைத் திறந்து சொன்னது அந்த அண்ணன் ஒருத்தர்தான்.

தப்புங்கிற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. எப்படியோ முழுங்கிட்டேன். "அண்ணே, அது எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க"ன்னு கேட்டேன். அப்புறம் சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு, "மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு."

அட, மனுஷன் குருட்டாம்போக்குல சொல்லலையே, யோசிச்சில்ல சொல்லியிருக்காரு! காலேஜ்ல கூடப் படிச்சவங்க தெரியாத மாதிரி நடிச்சாங்க. இங்க நிஜமாவே தெரியாத ஒருத்தர் எனக்கு முன்னாடி இருக்காரு. இப்பத்தான் நான் டீச்சர்னு தோணுச்சு.

குப்பூஸ் இருக்கான்னு கேட்டேன். அங்க சாப்பிடற ரொட்டி அது. ஒரு பாக்கெட்டை மேல தூக்கிப் போட்டாங்க. ஒண்ணைப் பாதியா கிழிக்கச் சொன்னேன். இன்னொண்ணை மூணாக் கிழிச்சு, அதுல ஒரு பங்கை அந்தப் பாதியோட சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். "இப்ப கையில இருக்கிறது பாதியைவிட அதிகமா, கம்மியா?" "அதிகம்தான், அதான் இன்னும் சேர்த்திருக்கோமே"ன்னாரு அண்ணன். "சரி. நீங்க சொன்ன அஞ்சுல ரெண்டு, அது பாதியைவிட அதிகமா கம்மியா?"

கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்துச்சோ, எனக்கு ஒரு யுகம். மாமிக்கே பொறுக்கல, ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. பூண்டுத் தோலோட இருந்த அவங்க கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். அந்த அண்ணன் கையில இருக்கிறதையே பார்த்துக்கிட்டிருக்காரு. அப்புறம் மெதுவா, "அஞ்சுல பாதின்னா ரெண்டரை. ரெண்டு அதைவிடக் கம்மி"ன்னு முணுமுணுத்தாரு. சட்டுன்னு எழுந்து உட்கார்ந்தாரு. "கூட்டினா குறையாதேங்க டீச்சர். அப்ப நான் போட்டது எங்கயோ இடிக்குது."

கட்டில்ல இருந்து இறங்கி போனுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துட்டாரு. அப்பத்தான் அவரு முகத்தையே முழுசா பார்த்தேன். எங்க இடிக்குதுன்னும் அவரே கண்டுபிடிச்சாரு. ஒரு துண்டு பெருசு, ஒரு துண்டு சிறுசு, அதை எப்படி ஒண்ணா எண்ணுறதுன்னாரு. அப்ப என்ன செய்யலாம்னு மட்டும்தான் நான் கேட்டேன். ரெண்டையும் ஒரே அளவு துண்டா கிழிக்கலாம்னாரு. பாதியில மூணு துண்டு, அந்தப் பங்குல ரெண்டு துண்டு. முழுசுல ஆறு வரும். ஆறுல அஞ்சு. சொல்லி முடிச்சதும் ரூம்ல கை தட்டுன தட்டு இருக்கே, பக்கத்து ரூம்ல இருந்து ஆளுங்க என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்த்தாங்க. நான் விடையைச் சொல்லவே இல்ல. எனக்குத் தலை கால் புரியல.

அப்புறம்தான் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னாரு. அந்த அண்ணனுக்கு ஊர்ல ஒரு பொண்ணு, ஏழாவது படிக்குதாம். அப்பாகிட்ட போன்ல கணக்குல சந்தேகம் கேட்குமாம். இவரு சிக்னல் சரியில்லம்மான்னு சொல்லி போனைக் கட் பண்ணிட்டு, திரும்பிப் படுத்துக்குவாராம்.

லீவு முடிஞ்சு காலேஜ்ல மறுபடி நடத்தினப்ப, பழைய பாடக் குறிப்பைத் தொடவே இல்ல. அஞ்சுல ரெண்டுன்னு போர்டுல எழுதி, ஒரு பிள்ளை இப்படிச் சொல்லுது, அது எப்படி யோசிச்சிருக்கும்னு ஆரம்பிச்சேன். கோரஸ் போடற கூட்டம் கப்சிப். நான் பயப்படல, காத்திருந்தேன். ஒவ்வொருத்தரா யோசிச்சு யோசிச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. மணி அடிச்சும் பேச்சு நிக்கல. மேடம் எழுதுறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. "ஸ்கூலுக்குக் கிளம்புங்கம்மா"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, எனக்கு அது போதும். ஸ்ரீரங்கத்துல ஒரு கேர்ள்ஸ் ஸ்கூல்ல போட்டாங்க. சவூதியில என் வீட்டுக்காரர், "எங்க ரூம்ல படிச்சுத்தான் டீச்சரானா"ன்னு வேலை செய்யற இடம் பூரா தம்பட்டம் அடிச்சாரு.

அடுத்த வருஷம் அந்த அண்ணன் லீவுல வந்தாரு. கடைவீதியில துணி எடுக்க சம்சாரத்தையும் பொண்ணையும் கூட்டிட்டு வந்தவர், என் வீட்டுக்காரர் கொடுத்து விட்ட சாமானைக் கொடுக்க எங்க வீட்டுக்கும் வந்தாரு. மாமி டீ போட்டாங்க. இந்த அக்கா கணக்கு டீச்சர்னு மாமி சொன்னதும், அந்தப் பொண்ணு முகம் மலர்ந்து போச்சு.

"எனக்கு எங்கப்பாதான் கணக்கு சொல்லிக் கொடுப்பாங்க. தெனமும் வீடியோ கால்ல வருவாங்க. அவங்களுக்குப் பின்னமெல்லாம் தண்ணி பட்ட பாடு"ன்னா.

அந்த அண்ணனுக்கு முகமெல்லாம் செவந்து போச்சு. உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தாரு. வேணாம்னு நான் கண்ணைக் காட்டினேன். மாமியும் எதையும் கண்டுக்காம முறுக்குத் தட்டை நகர்த்தி வெச்சாங்க. அந்தப் பொண்ணு நிறுத்தலையே.

"எங்க ஸ்கூல் டீச்சர் மாதிரி இல்லக்கா எங்கப்பா. நான் தப்பா போட்டாக்கூட தப்புன்னு சொல்ல மாட்டாங்க. எப்படி வந்துச்சு, சொல்லுன்னு கேட்டுட்டு, நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் சும்மா இருப்பாங்க."

நான் அடுப்படிக்குள்ள போயிட்டேன், தண்ணி எடுக்கிற சாக்குல. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு வழியுது, முகத்துல சிரிப்பும் அடங்கல. மாமி பின்னாடியே வந்து, என் முதுகைத் தட்டிக் கொடுத்துட்டுப் போனாங்க.

இன்னிக்கு நான் ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். நல்லா நடத்துறாங்கன்னு பேரும் இருக்கு. ஆனா என் பேரே தெரியாம, தன் அப்பாதான் உலகத்துலயே பெரிய கணக்கு வாத்தியாருன்னு நம்பிக்கிட்டு ஒரு பொண்ணு வையம்பட்டியில வளர்றாளே, அதை நெனைக்கும்போது வர்ற பெருமை எனக்கு வேற எதுலயும் இதுவரைக்கும் வந்ததில்ல.