கக்கத்துத் துளைகள்

தையற்காரிக்குப் பயப்பட ஒரு காரணம் கிடைத்தால் போதும், ஒன்பதாகப் பெருக்கிவிடுவாள். மழைக்காலத்தில் அந்தச் சிரமமும் வேண்டியதில்லை. கணவன் தண்டவாளத்தில் நடந்து பழுது பார்க்கிறவன். போன குளிரில் நனைந்து, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னதை அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

அன்று காலை அவளே அவனை உடுத்திவிட்டாள். பருத்திப் பனியன், தடித்த சட்டை, இரண்டு ஸ்வெட்டர், மேலே ரெயின்கோட்.

"புருஷன அனுப்புறியா, பார்சல் அனுப்புறியா?"

"பேசாம கையத் தூக்குங்க."

தூக்கினான். கோட்டின் கக்கத்தில் இருந்த சிறு துளைகளை முதல் நாளே துணி வைத்துத் தைத்து, மெழுகு தேய்த்திருந்தாள். திருப்தியாக இருந்தது.

அவன் போன பிறகு அவள் தம்பி வந்தான். அவனுக்கும் அதே வேலை, மதிய முறை. தன் கோட்டில் ஒரு கிழிசலைக் காட்டினான்.

"கக்கத்து ஓட்டையையும் சேத்து அடைச்சிடறேன். உங்க மாமாவோடத நேத்தே அடைச்சிட்டேன்."

"அடிப்பாவி! அது வேர்வை வெளிய போற வழி, அக்கா. இப்ப மாமாவுக்கு உள்ளயே மழை. நடக்கறவரைக்கும் தெரியாது. பாலத்துகிட்ட ரயிலுக்காக நிப்பாரு பாரு, அப்ப அந்த ஈரம் எலும்பப் பிடிக்கும்."

கம்பளிச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள். தம்பி குடையோடு பின்னால் கத்திக்கொண்டே வந்தான்.

பாலத்தருகே கொடியைப் பிடித்து நின்றிருந்தான் கணவன். உதடு நீலம். பல் தந்தியடித்தது.

"மேல ஒரு சொட்டு படல. ஆனா தொப்பல்" என்றான், ஏதோ தன் தப்பு போல.

கொடியைத் தம்பி வாங்கிக்கொண்டான். பக்கத்திலிருந்த காவலாள் அறைக்குள் கணவனை இழுத்துப்போய் எல்லாவற்றையும் கழற்றினாள். பனியனைப் பிழிந்தாள், தண்ணீர் கொட்டியது. உடம்பைத் துடைத்து, வெறும் மேலில் கம்பளியை மாட்டினாள். அடைத்த தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, கோட்டை மறுபடி மாட்டிவிட்டாள்.

"நான் போட்டுவிட்டதுதான்" என்றாள்.

"விடு. நீயே நனைஞ்ச கோழியா நிக்கிற."

ரயில் கடந்துபோனது. தம்பியிடம் கொடியை வாங்கிக்கொண்டு அவன் நடக்கத் தொடங்கினான். கொஞ்ச தூரத்தில் ஒருமுறை இருமினான்.

"என்னங்க?"

"சும்மா, தொண்டை."

தம்பி குடையை நீட்டி, "வீட்டுக்குப் போலாம், வா" என்றான். மழைச் சத்தத்தில் அடுத்த இருமல் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இருமினால் காதுக்கு எட்டும் தூரத்தில் கணவன் பின்னாலேயே நடந்தாள்.