பாதரசத்தைக் கொடுக்காத மிஸி

ஜெயமேரி அக்காவின் தம்பி அந்தோணி போன் செய்தபோது நான் சுங்காய் மார்க்கெட்டில் மீனை நறுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். “அக்கா போயிட்டாங்க, பாக்கியம்க்கா. காலையில எழுப்பப் போனேன், எந்திரிக்கல லா,” என்றான். மீனை வாங்காமலே வந்துவிட்டேன். ஈப்போவுக்குப் போகிற வழியெல்லாம் நம் தோட்டத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். பார்க்கலாம் என்றார்கள். மாதா கோயிலில் பெட்டியை மூடும்போது நம் தோட்டத்திலிருந்து நின்றது நான் ஒருத்திதான்.

ஜெயமேரி அக்காவை உங்களுக்குத் தெரியும். நம் ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தாதிப் படிப்புப் படித்து, மாவட்ட ஆஸ்பத்திரியில் மிஸியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைசியில் தம்பி அந்தோணி வீட்டோடு போய்விட்டார். அதே ஆஸ்பத்திரியில் எனக்குத் துப்புரவு வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. என் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் தமிழ் எழுத்து என் கையால்தான் வந்தது. அக்காவைப் பற்றி நாலு வரி எழுத அந்தப் படிப்புப் போதும்.

ஒருநாள் வார்டில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சி கீழே விழுந்து உடைந்துவிட்டது. நான் துடைப்பத்தோடு குனிந்தேன். “தொடப்பத்தை வைக்காத பாக்கியம். தூள் தூளாப் போயிடும். மொதல்ல மோதிரத்தைக் கழட்டு, ஜன்னலைத் திற,” என்றார் அக்கா. பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகுமாம். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு அட்டைத் துண்டால் அந்த மணிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து, மூடி போட்ட பாட்டிலுக்குள் தள்ளினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாயிருக்கிறதே என்றேன். “அதான் சுசா, தொல்லையே அதுதான். அசிங்கமா இருந்திருந்தா எவனும் தொட மாட்டான்,” என்றார். இது எவ்வளவு பெரிய தொல்லையாக முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு பாதரசக் கருவி எதுவும் ஆஸ்பத்திரியில் இருக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. காய்ச்சல் குச்சி, பிரஷர் பார்க்கும் கருவி எல்லாவற்றையும் வார்டு வார்டாகச் சேர்க்கிற பொறுப்பு அக்காவுக்கு. பெட்டிகளில் அடுக்கி, ஒரு ஸ்டோரில் வைத்துப் பூட்டினோம். அதை எடுத்துப்போக அனுமதி உள்ள லாரி வர வேண்டும். அது வருவதாகவே காணோம். மாதக்கணக்கில் அந்தச் சாவி அக்காவிடம் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்று, நம் மாரியம்மன் கோயிலை ரோட்டோரம் தள்ளி வைத்தார்கள். புதுக் கோயிலில் சிவன் சன்னிதியும் வேண்டும், அதில் பாதரச லிங்கம் வேண்டும் என்று கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் நினைத்தார். அக்கா வீட்டுக்கு வந்து கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

“மேரி, நாலு மெஷின்ல இருக்கிறது போதும். தூக்கித்தானே போடப் போறீங்க? சாமிக்குக் குடுத்தா புண்ணியம் லா.”

“தூக்கிப் போடலண்ணே, பூட்டி வச்சிருக்கோம். அது விஷம்.”

அண்ணன் சிரித்தார். “சிவனே விஷத்தை முழுங்குனவருதானே?”

“அவரு முழுங்குவாரு. நாம மூச்சு விடணும்ல?”

நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் முகம் மாறியது. தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தார். வாசலில் நின்று, “உங்க மாதாவுக்குன்னா குடுத்திருப்பே,” என்றார்.

“மாதாவே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேண்ணே,” என்றார் அக்கா.

அந்தக் கடைசிப் பேச்சை யாரும் ஊருக்குள் கொண்டுபோகவில்லை. வேதக்காரி நம் சாமிக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் போனது. நம் லயத்தில் எத்தனை பிள்ளைகள் அக்கா கையில் ஊசி போட்டுக்கொண்டன, எத்தனை பிரசவத்துக்கு அவர் கூடவே வண்டியில் போனார், எல்லாம் ஒரே வாரத்தில் மறந்துபோனது. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பலகாரம் போவது நின்றது. என்னிடம் மட்டும் ஒருமுறை, “நான் சொன்னது விஷம்னு. அவங்க காதுல எப்படி மதம்னு விழுந்துச்சு, பாக்கியம்?” என்று கேட்டார்.

அவர்களுக்குப் பாதரசம் கிடைத்துவிட்டது. எங்கேயோ மூடிப்போன ஒரு கிளினிக்கின் பழைய பிரஷர் கருவிகள் இரும்புக் கடைக்கு வந்திருந்தனவாம். சாமியார் ஒருவர் வந்து, மூலிகை போட்டு அடுப்பில் ஏற்றி, இறுக வைத்து லிங்கமாகக் கட்டித் தருகிறேன் என்றார். வெளியே தெரியக்கூடாது என்று மடப்பள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டது முனியாண்டி அண்ணன் மனைவி கமலா. அக்காவும் கமலாவும் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு.

மறுநாள் கமலாவை மூச்சு வாங்க வாங்க எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அக்காதான் அன்று வார்டில். “என்னடி காய்ச்சினீங்க? என்கிட்ட சொல்லு, கமலா,” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கமலா புருஷனைப் பார்த்தாள். “விறகுப் பொகை,” என்றார் அண்ணன். அக்கா நேரே டாக்டரிடம் போய்ப் பாதரசமாக இருக்கும் என்று சொன்னார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கமலா திரும்பி வரவில்லை.

சாவு வீட்டில் அக்காவை உள்ளே விடவில்லை. “உன் வாயில விழுந்துதான் அவ போனா,” என்று ஒரு குரல் வந்தது. யார் என்று எழுத மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். மாலையைக் கேட் ஓரம் வைத்துவிட்டு அக்கா வெயிலில் நடந்தே போனார். அதற்குப் பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் வந்ததே இல்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்கு லாரி வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள், எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா நிற்கவில்லை. “நம்ம கதவுலேருந்து போகலன்னு எனக்கு என்னடி பெருமை? ஏதோ ஒரு கதவுலேருந்து போச்சே,” என்றார். ஓய்வு பெற்று ஈப்போவுக்குப் போன பிறகும் போனில் என்னிடம் கேட்பார், லிங்கம் இன்னும் இருக்கிறதா என்று. இருக்குக்கா என்பேன்.

இன்னும் இருக்கிறது. ஜன்னல் இல்லாத சின்னச் சன்னிதி. சுற்றி விளக்கு எரிகிறது, உள்ளே ஒரே சூடு. எடுத்துவிடுங்கள் என்று நான் போய்ச் சொன்னேன். கமலா உயிரைக் கொடுத்துச் செய்த லிங்கம், எடுப்போமா என்கிறார்கள். அவள் பெயரைச் சொன்னதும் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் என் கடைசிப் பேரனுக்கு அங்கேதான் மொட்டை. வேறு கோயில் பார் என்று மகனிடம் சொல்லிப் பார்த்தேன். “நீயும் அந்த மிஸி மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டம்மா,” என்றான். வசவாகத்தான் சொன்னான். தேதி மாறவில்லை. மருமகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வசவுதான். மொட்டை போட்டு முடித்ததும் குழந்தையை நான் தூக்கிக்கொண்டு சன்னிதிக்கு வெளியே நிற்பேன். உள்ளே கொண்டுபோகக் கேட்டால் கொடுக்க மாட்டேன். அக்கா கொடுக்காமல் நின்றபோது பக்கத்தில் நான் இருந்தேன். என் பக்கத்தில் நிற்க உங்களில் யாரும் வருவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.