ஒரு சாண் தூரம்

டாக்டர் சொன்னது ஒரு சாண். மைக்கல் அதை ஒரு மைலாக்கிவிட்டார்.

பார்பரா முப்பத்தைந்து வருஷம் தேயிலை மலையில் கொழுந்தெடுத்தவள். மூட்டையோடு சரிவில் ஏறினால் வாலிபப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும், அவளுக்கு வாங்காது. அப்படிப்பட்ட நெஞ்சு மூன்று மாதத்துக்கு முன் அவளைச் சமையலறையில் கவிழ்த்துவிட்டது. கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் இடது தோளுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். கைப்பேசியை ரவிக்கைக்குள் செருகும் பழக்கத்தை மட்டும் விடச் சொன்னார் டாக்டர். மெஷினுக்கு ஒரு சாண் தள்ளி, வலது காதில் வைத்துத் தாராளமாகப் பேசலாம்.

அவள் கணவர் மைக்கலும் பக்கத்தில்தான் நின்று கேட்டார். ஆனால் எஸ்டேட்டுக்குத் திரும்பிய மறுநாளே வாசலில் ஒரு பிஸ்கட் டின்னைத் தொங்கவிட்டார். வருகிறவர்கள் கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். பக்கத்து வீட்டு மலர் அன்றிலிருந்து வாசலோடு விசாரித்துவிட்டுப் போகிறாள். பிரிஞ்சாங் கோயிலில், திருப்பலி நடுவில், மைக்கல் முன்பெஞ்சுக்காரரின் முதுகைத் தட்டி, "ஆஃப் பண்ணுங்க லா, உயிர் விஷயம்" என்றார். பார்பராவுக்கு மானம் போயிற்று.

அதையும் பொறுத்துக்கொண்டாள். மகள் சிந்தியா ஜொகூரிலிருந்து தினமும் மத்தியானம் கூப்பிடுவாள். மைக்கல் வேலியோரம் நின்று, ஸ்பீக்கரைப் போட்டு, கையை நீட்டிப் பிடிப்பார். பார்பரா வாசற்படியிலிருந்து கத்த வேண்டும். இரண்டு முறை கரு கலைந்த பிள்ளை, தாயிடம் சொல்ல வேண்டியதை லைன் வீடு முழுக்கக் கேட்கவா சொல்லும்? "சாப்டியாம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாள்.

அன்று அவள் குரல் உடைந்திருந்தது. "அம்மா, தனியா பேசணும்மா. சரி விடு, ஒன்னுமில்ல."

அவள் வைப்பதற்குள் பார்பரா இறங்கிப் போய்க் கைப்பேசியைப் பிடித்தாள். மைக்கல் விடவில்லை.

"கிட்ட வராத லா."

"ஒரு சாண்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் என்னா கேடு?"

மைக்கல் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ விழுந்த அன்னிக்கு என்னை ரெண்டு தடவ கூப்பிட்ட. ஹால்ல உக்காந்து ஹேண்ட்போன்ல பேட்மிண்டன் பாத்துக்கிட்டு இருந்தேன். கேட்டுச்சு. கடைசி கேம், முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன். அதுலேர்ந்து இந்தச் சனியன் ஒன்கிட்ட வந்தாலே பயமா இருக்கு."

பார்பராவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று மாதம் ஊரையே வாசலில் நிறுத்திய மனுஷன், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே.

"அதுக்கு என் மகளையுமா வெளிய நிக்க வெச்சீங்க?"

அவர் பிடி தளர்ந்தது. அவள் ஸ்பீக்கரை அணைத்து, வலது காதில் வைத்தாள். இடது கையால் தழும்பிலிருந்து சாண் போட்டுக் காட்டினாள். சுண்டுவிரல் கைப்பேசியை எட்டவேயில்லை.

"சொல்லு சிந்தியா."

"நாலாவது மாசம்மா. இந்தத் தடவ நல்லாருக்குன்னாங்க. உன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன்."

பார்பரா திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். கண்ணீரைப் பார்த்த மைக்கல் பதறினார். பதறியும் வேலியை விட்டு நகரவில்லை.

"என்னாச்சு, நெஞ்சு வலிக்குதா?"

"கிட்ட வந்து கேளுங்க" என்றாள் அவள். "போனதான் தள்ளி வைக்கச் சொன்னாங்க. உங்கள இல்ல."